மயில், சாவி, தேங்காய், சட்டை, மழை

நவம்பர் 9

காலையில் கண் விழித்தபோது எந்த ஊரில் இருக்கிறேன் என்று தெரியவில்லை. படுத்தபடியே கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு எழுந்து, மேசைமேல் இருந்த ஹோட்டல் குறிப்புத்தாளில் முகவரியைப் படித்தேன். புனே.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. கபடி லீக் ஊர் ஊராகப் போகிறது. எல்லா ஊரிலும் அதே வெள்ளைப் படுக்கை, அதே பழுப்புத் திரை, திறக்கவே முடியாத அதே கண்ணாடி ஜன்னல். யாருக்கும் குழப்பம் வரும்.

சபரிநாதன் நேற்று வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். எங்கள் அணியின் பிசியோ. அணியின் மருத்துவக் குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை: நான், சபரி, வீரர்களுக்கு உடம்பு பிடித்துவிடும் இரண்டு பேர். என் அடையாள அட்டையில் தலைமை மருத்துவர், டாக்டர் பெனிட்டா என்று போட்டிருக்கிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு லிஃப்ட் வாசலில் நின்றபோது சபரி கேட்டான்.

"எனக்கு முடியல மேடம். உங்களுக்கு முடியுதா?"

"நீ போய் நல்லா தூங்கு" என்றேன். அது பதில் இல்லை என்று அவனுக்கும் தெரிந்தது.

பிறகு நரேன் போன் செய்தார். அணியை நடத்தும் நிறுவனத்தின் நிர்வாகி. போனில் மட்டுமே இருப்பவர். "சீசன் பாதியில புது ஆள் வந்தா செட் ஆகாது டாக்டர். ப்ளேஆஃப் வரைக்கும் ரெண்டு வேலையையும் நீங்களே..."

"நான் பார்த்துக்குறேன்."

அவரை வாக்கியத்தை முடிக்கக்கூட விடவில்லை.

நவம்பர் 10

ஐஸ் தொட்டிக்கு ஐஸ் வரவில்லை. ஹோட்டல் சமையலறையில் கெஞ்சி வாங்கி வாளியில் சுமந்து வந்தேன். மருத்துவக் கல்லூரியில் தங்கப் பதக்கம்.

நவம்பர் 13

இசக்கிராஜாவுக்குத் தலையில் அடி.

எங்கள் முதல் ரெய்டர் அவன். ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஊர். வயது இருபத்து நான்கு. எதிரணிக் கட்டத்துக்குள் நுழைந்தால், தரையில் விரித்த ரப்பர் மேட்டில் கால் படுகிறதா என்றே சந்தேகம் வரும். இன்று திரும்பும்போது ஒருவன் இவன் காலைப் பிடிக்கப் பாய்ந்தான். அவன் முழங்கால் இவன் நெற்றிப்பொட்டில் இறங்கியது. சத்தம் எனக்கே கேட்டது.

தலையில் அடிபட்டால் ஒரு சோதனை உண்டு. வீரனை ஓரமாக அழைத்துப் போய் ஐந்து சொற்கள் சொல்வேன். திருப்பிச் சொல்ல வேண்டும். எந்த ஊர், யாரோடு ஆட்டம் என்று கேட்பேன். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வேன். கொஞ்சம் கழித்து அதே ஐந்து சொற்களை மறுபடி கேட்பேன். மூளை குலுங்கியிருந்தால் சொற்கள் உதிர்ந்துவிடும். உதிர்ந்தால் அவன் அன்றைக்கு ஆடக் கூடாது. வேறொரு மருத்துவர் பார்த்து அனுமதிக்கும்வரை பிறகும் ஆடக் கூடாது.

ஆங்கிலச் சொற்களைச் சொன்னால் அடிபடாமலே மறந்துவிடுவார்கள் என்று, பயிற்சி முகாமில் நானே தமிழில் ஒரு தொகுப்பு செய்தேன். மயில், சாவி, தேங்காய், சட்டை, மழை. ஒரே தொகுப்பை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. பல தொகுப்புகள் செய்து மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். செய்ய வேண்டும். நேரம் கிடைக்கவில்லை.

இசக்கி ஐந்தையும் தடங்கல் இல்லாமல் சொன்னான். ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றான். மூன்றாவது சொல்லை நான் சொல்வதற்கு முன்பே அவன் உதடு அசைந்ததாகத் தோன்றியது. அரங்கத்து இரைச்சலில் எதுவும் நிச்சயமில்லை.

உள்ளே அனுப்பினேன். ஏழு பாயிண்ட் எடுத்தான். ஜெயித்தோம்.

பயிற்சியாளர் செல்லத்துரை என் கையில் வேர்க்கடலையைக் கொட்டினார். எந்நேரமும் அவர் பாக்கெட்டில் கடலை இருக்கும். "டாக்டரம்மா, நீங்க இருக்கிற வரைக்கும் நமக்கு ஆளு கொறையாது."

சந்தோஷமாக இருந்தது. இதை எழுதி வைக்க வேண்டும். சந்தோஷமாகத்தான் இருந்தது.

நவம்பர் 17

ஜெய்ப்பூர். ஜன்னல் திறக்காது.

நவம்பர் 19

அம்மா போன். அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்ததாம். நான் வருவதாகச் சொல்லியிருந்த நாள் அது.

"மக்களே, சாப்டியா?"

"ஆச்சும்மா. அப்பா எப்படி?"

"கட்டு போட்டு கெடக்குது மனுசன். கட்டப் பிரிச்சாலும் ஒன்ன எப்ப பாக்கப் போறாரோ. மார்த்தாண்டம் எந்தத் தெசைல இருக்குன்னாவது ஓர்ம இருக்கா ஒனக்கு?"

"அம்மா, சீசன் முடியட்டும்."

"போன வருசமும் இதத்தான் சொன்ன. அங்க யாருக்காவது காலு உளுக்குனா நீ ஓடுவ. இங்க பெத்த அப்பனுக்கு கண்ணு." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒன் கொரலு என்னமோ மாதிரி இருக்கு. தடிமனா?"

தடிமன்தான் என்றேன். ஜலதோஷம் எதுவும் இல்லை.

நவம்பர் 22

மரியசெல்வத்தின் கணுக்காலில் டேப் சுற்றினேன். எங்கள் டிஃபெண்டர், தூத்துக்குடிக்காரன். எதிரணியைவிட எங்கள் ஆட்களைத்தான் அதிகம் வம்புக்கு இழுப்பான். சுற்றி முடித்து நிமிர்ந்தால் சிரிக்காமல் என்னையே பார்க்கிறான்.

"மேடம், வலி இந்தக் காலுல. நீங்க கட்டுனது நல்ல காலு."

அறையில் எல்லாரும் சிரித்தார்கள்.

"பரவால்ல மேடம். அதுக்கும் ஒரு மரியாத வேணும்லா. எப்பவும் இதயே கவனிக்கோம்னு அதுக்குள்ள ஒரு வருத்தம் இருந்துச்சு."

நானும் சிரித்தேன். பிரித்து மறுபடி சுற்றினேன். இந்த முறை வலிக்கிற காலில். இதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டேன்.

ஊரிலிருந்து மூன்று புத்தகங்கள் கொண்டுவந்தேன். ஒன்று, உறைந்த கடலில் மாட்டிக்கொண்ட ஒரு கப்பலைப் பற்றியது. கப்பலின் மருத்துவர் ஒவ்வொரு மாலுமியாகக் கூப்பிட்டு நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கும் பக்கத்தில் அடையாளம் வைத்திருக்கிறேன். புனேயிலும் அதே பக்கம். பள்ளியில் படிக்கும்போது, சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழே புத்தகத்தை ஒளித்து வைத்துப் படித்து அடி வாங்கியவள் நான். இப்போது ஒரு வரியின் முடிவுக்கு வந்தால் அதன் தொடக்கம் போய்விடுகிறது.

நவம்பர் 23

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். சோர்வு என்ற சொல் எங்கும் இல்லை. நல்லது.

நவம்பர் 27

இசக்கிக்கு மறுபடியும். மூன்று பேர் சேர்ந்து மடக்கிப் பிடித்ததில் பின்மண்டை மேட்டில் மோதியது. எழுந்தபோது ஒரு கணம் எதிரணியின் பக்கம் நடந்தான், பிறகு திரும்பினான்.

மயில், சாவி, தேங்காய், சட்டை, மழை. தடங்கலே இல்லை.

"எந்த ஊருடா?"

அவனுக்குப் பின்னாலிருந்து மரியசெல்வம் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே "ஜெய்ப்பூர் வெயிலு கொல்லுதுல்லா இசக்கி" என்றான்.

"ஜெய்ப்பூர் மேடம்" என்றான் இசக்கி.

நவம்பர் மாதம், குளிரூட்டிய அரங்கம். எந்த வெயில் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. அனுப்பிவிட்டேன். இன்னும் இரண்டு பேருக்கு முட்டிக்கட்டு போட வேண்டியிருந்தது. செல்லத்துரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நவம்பர் 30

காலைச் சாப்பாட்டுக்கு இசக்கி கறுப்புக் கண்ணாடியோடு வந்தான். "ஹீரோ வாராரு, வழிய விடுங்கலே" என்று கேலி செய்தார்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். இந்த வயதில் எல்லாருக்கும் ஒரு ஸ்டைல்.

டிசம்பர் 3, ஹைதராபாத்

ப்ளேஆஃபுக்கு வந்துவிட்டோம். ஏழாம் தேதி ஆட்டம், தோற்றால் வீட்டுக்கு.

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பயிற்சியின் கடைசியில் வீரர்கள் விளையாட்டுக்காக இடம் மாற்றி ஆடுவார்கள். டிஃபெண்டர்கள் ரெய்டு போவார்கள், ரெய்டர்கள் பிடிப்பார்கள். ரெய்டு போகிறவன் எதிர்க்கட்டத்தில் இருக்கும்வரை மூச்சு விடாமல் 'கபடி கபடி' என்று பாட வேண்டும். பாட்டு நின்றால் அவுட். மரியசெல்வம் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனான். போகும்போதே பாட்டு தொடங்கியது.

"மயில்சாவிதேங்காசட்டமழ மயில்சாவிதேங்காசட்டமழ மயில்சாவிதேங்காசட்டமழ..."

மொத்த அணியும் விழுந்து சிரித்தது. பிடிக்க வேண்டியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் கத்தினான்: "ஏல மரியா, ஒந்தலைக்கு ஒண்ணும் ஆவலல! பாஸு!"

"மேடம் பாஸ் போட்டாச்சு!" என்று இன்னொருவன்.

நானும் சிரித்தேன். முதலில் சிரிப்புதான் வந்தது. அதற்குப் பிறகுதான் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தேன்.

மரியசெல்வத்தை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"இது எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எது மேடம், பாட்டா? எல்லாருக்கும் தெரியுமே. முகாம்லயே மனப்பாடம்." என் முகத்தைப் பார்த்துக் குரல் இறங்கியது. "நீங்க எப்பவும் அதத்தான கேப்பீங்க. தெரிஞ்சுதான் கேக்குறீங்கன்னு நெனச்சோம். உள்ள அனுப்புறதுக்கு ஒரு வழி வச்சிருக்கீங்கன்னு."

ஒரு வழி வச்சிருக்கீங்க. என்னைப் பற்றி அவர்கள் வைத்திருந்த கணக்கு அது. அன்பாகத்தான் சொன்னான்.

இந்த சீசனில் தலையில் அடிபட்டு நான் உள்ளே அனுப்பியவர்கள் நான்கு பேர். அதில் இசக்கி இரண்டு முறை. ஒருவரையும் நான் சோதிக்கவில்லை. சொற்களைச் சொன்னேன், அவர்கள் பாடினார்கள்.

டிசம்பர் 4

காலையில் புதிதாக ஐந்து சொற்கள் எழுதிக்கொண்டு இசக்கியைச் சிகிச்சை அறைக்கு வரச் சொன்னேன். கட்டிலை எடுத்துவிட்டு மேசை போட்ட ஹோட்டல் அறைதான் அது. திரையை இழுத்து மூடினேன். அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

"மயில், சாவி..." என்று தொடங்கினான், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. சிரித்துக்கொண்டே.

"இல்ல இசக்கி. இது வேற."

சிரிப்பு நின்றது.

"கிணறு. பென்சில். யானை. சோப்பு. வெயில்."

"கிணறு" என்றான். "யானை." கையை நெற்றியில் வைத்தான். கூரையைப் பார்த்தான். விசிறி கூட இல்லாத கூரை. "மேடம், பழசையே கேளுங்களேன்."

இன்னும் இரண்டு முறை சொன்னேன். மூன்றுக்கு மேல் போகவில்லை. பிறகு அவனே எல்லாவற்றையும் சொன்னான். விளக்கு கண்ணைக் குத்துகிறதாம். ரெய்டு போனால் நடுக்கோடு இரண்டாகத் தெரிகிறதாம். "ரெண்டுக்கும் நடுவுல உள்ளதுதான் நெசம்னு நெனச்சுத் தாண்டுதேன். இதுவர தப்பல."

"எப்போ இருந்து?"

"புனேல இருந்து."

முதல் அடி ஆறுவதற்கு முன்னால் இன்னொன்று விழுந்தால் மூளை வீங்கலாம். வீங்கினால் பையன் மேட்டிலேயே கிடப்பான். பிறகு எழுந்து வருவதில்லை. இப்படி ஒருவனைப் பயிற்சிக் காலத்தில் பார்த்திருக்கிறேன், கால்பந்து ஆடியவன். இதை இசக்கியிடம் அப்படியே சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். பிறகு என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"இந்தியா முகாமுக்கு ஆள் எடுக்கதே இந்த மேட்சப் பாத்துதான் மேடம். சொல்லிராதீங்க. ஒரு மேட்சு, ஜெயிச்சா இன்னும் ரெண்டு. அதுக்கப்புறம் ஊருக்குப் போயி மாசக்கணக்கா தூங்கிக்கிடுதேன்."

"யோசிக்கிறேன்" என்றேன். டாக்டர் சொல்லக் கூடாத சொல்.

டிசம்பர் 5

நரேனிடம் பாதி சொன்னேன். இசக்கியின் நிலை கவலையாக இருக்கிறது என்று மட்டும்.

"உங்க முடிவுதான் டாக்டர். மெடிக்கல் விஷயத்துல நாங்க தலையிடவே மாட்டோம், உங்களுக்கே தெரியும்." ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு. போன மாசம் ரெண்டு தடவ நீங்கதான் ஃபிட்னு சொன்னீங்க. இப்ப புதுசா அடியே படாம அன்ஃபிட்னா, அந்த ரெண்டு தடவ என்ன நடந்துச்சுன்னு கேப்பாங்க. ஓனர் கேப்பார், லீக் கேக்கும். நான் கேக்கல. அவங்க கேப்பாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

யாரும் என்னைத் தடுக்கவில்லை. கதவு திறந்தேதான் இருக்கிறது. அதன் வழியே போக வேண்டுமென்றால் என் பெயரைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

பிற்பகலில் ஒரு யோசனை வந்தது. தொடையில் தசைப்பிடிப்பு என்று சொல்லி இசக்கியை உட்கார வைக்கலாம். யாருக்கும் கேள்வி வராது. ஐந்து நிமிடம் நிம்மதியாக இருந்தது. பிறகு இசக்கி லாபியில் எல்லார் முன்னாலும் தவளைக் குதி குதித்துக் காட்டுவான் என்று தோன்றியது. மற்ற மூன்று பேருக்கு என்ன செய்வது என்பதும் தோன்றியது. சாப்பிடவில்லை. துணி துவைத்தேன். ஏற்கெனவே துவைத்தவற்றை.

டிசம்பர் 6

செல்லத்துரை காலை நடையின்போது என்னோடு சேர்ந்துகொண்டார். ஹோட்டல் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பதுதான் நடை. வெளியே போகப் பாதுகாப்பு அனுமதி வேண்டும்.

"பய நாளைக்கு ரெடிதான?"

நடையை எட்டிப் போட்டேன். கடலையை நீட்டினார்.

"நான் ஆடும்போது டாக்டரே கெடையாதும்மா. மண்டையில அடிபட்டா ஒரு வெங்காயத்த நசுக்கி மோந்து பாக்கச் சொல்லுவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஆடுவோம்." சிரித்தார். "எங்கூட பால்பாண்டின்னு ஒருத்தன். எத்தன அடி! ஒருநா கூட உக்காந்ததில்ல. இப்ப பொஞ்சாதி பேரச் சொல்லிக் கூப்பிடச் சொன்னா தங்கச்சி பேரச் சொல்லுதான். வீட்டுல ஒரே கூத்து."

அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கடலைத் தோலை ஊதிவிட்டு, இன்னும் இரண்டு சுற்று நடந்தார்.

டிசம்பர் 7

காலைக் கூட்டத்தில், செல்லத்துரை ஆட்டத் திட்டத்தைத் தொடங்கும் முன் எழுந்தேன். நான் கூட்டங்களில் பேசுவதே இல்லை, சுவரோரம் நிற்பேன். அதனால் எல்லாரும் திரும்பினார்கள்.

"இந்த சீசன்ல தலையில அடிபட்டவங்க யாரையும் நான் சரியா சோதிக்கல. ஒரே அஞ்சு சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். உங்களுக்கு அது மனப்பாடம். தப்பு உங்க மேல இல்ல. மத்த மூணு பேரை இப்போ புது சொல்லு வச்சு பார்ப்பேன். இசக்கியைப் பார்த்துட்டேன். இன்னைக்கு நீ ஆடல, இசக்கி."

செல்லத்துரையின் கை பாக்கெட்டுக்குள் போய் அங்கேயே நின்றது. "அப்போ இத்தன நாளும் நீங்க பண்ணது?"

"சோதனை இல்ல கோச். பாட்டு."

இசக்கி எழுந்தான். நாற்காலி பின்னால் விழுந்தது. "எனக்கு ஒண்ணுமில்ல! மயில் சாவி தேங்கா சட்ட மழ! போதுமா? மயில் சாவி தேங்கா சட்ட மழ!" ஒரே மூச்சில், ரெய்டு போவதுபோல, என் முகத்துக்கு நேராக. யாரும் சிரிக்கவில்லை. மரியசெல்வம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நாள் முன்பு சொன்ன ஐந்து சொற்களை எல்லார் முன்னாலும் அவனிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மற்ற மூன்று பேரும் தேறினார்கள். மரியசெல்வம் உட்பட.

தோற்றோம். நான்கு பாயிண்டில். இசக்கி கறுப்புக் கண்ணாடியோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், ஆட்டம் முழுக்க இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு. கடைசி விசில் ஊதியது. எதிரணி மேட்டில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டது. எங்களுக்கு நேர் எதிரே, ஆள் உயர எழுத்தில் ஸ்கோர்.

அவன் கையை எடுத்தான். என் பக்கம் குனிந்தான்.

"யாரு மேடம் ஜெயிச்சா?"

டிசம்பர் 8

வேலை போய்விடும் என்று பெட்டி கட்டி வைத்தேன். நரேன் போன்.

"டாக்டர், நேத்து நீங்க பண்ணது... ஓனர் முதல்ல கத்தினார். அப்புறம் லீக்ல இருந்து பேசினாங்க. ரொம்ப இம்ப்ரஸ்ட். இப்படி ஓப்பனா ஒத்துக்கிட்டவங்க யாருமே இல்லையாம். அடுத்த சீசன் எல்லா டீமுக்கும் சேர்த்து நீங்கதான் மெடிக்கல் ஹெட். இந்தச் சொல்லு விஷயத்த எல்லா மொழியிலயும் சரிபண்ணணும்னு கேக்குறாங்க. முதல்ல தமிழ். திங்கக்கிழமைக்குள்ள ஒரு பத்து செட்..."

"நான் பார்த்துக்குறேன்."

போனை வைத்த பிறகுதான் யார் அதைச் சொன்னது என்று யோசித்தேன்.

டிசம்பர் 9

அணி ஊருக்குப் போய்விட்டது. இசக்கி இன்னும் விமானம் ஏறக் கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். இங்கே ஒரு நரம்பியல் மருத்துவர் பார்க்கிறார். அவனோடு நானும்.

லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். பத்துத் தொகுப்பு. ஐந்து பொருள்களின் பெயர், பத்து முறை. குழந்தைகூடச் சொல்லும். உலகத்தில்தான் எத்தனை பொருள். மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். திரையில் 'ஜன்னல்' என்று இருக்கிறது.

டிசம்பர் 10

இசக்கி வந்தான். கூட்டத்துக்குப் பிறகு என்னோடு பேசியதே இல்லை. இன்றும் பேச வரவில்லை, தலைவலி மாத்திரைக்கு வந்தான். மாத்திரையை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான். லேப்டாப்பைப் பார்த்தான்.

"என்ன மேடம், ஒரே சொல்லுதானா?"

"வரல."

"உங்களுக்கா?" முதல் முறையாகக் கொஞ்சம் சிரித்தான். என் மேசையில் சாய்ந்து உட்கார்ந்தான். "நான் சொல்லுதேன், நீங்க அடிங்க. புளியங்கொட்ட. டிராக்டரு. அத்த. பல்லி. மாடிப்படி."

விரலைப் பொத்தான்கள்மேல் வைத்தேன். புளியங்கொட்டை என்று அடித்தேன். பல்லி. பிறகு விரல்கள் அப்படியே இருந்தன.

"இன்னொருக்கா சொல்லட்டா?"

"சொல்லு."

மெதுவாகச் சொன்னான், நான் சொல்வதைப் போலவே, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி விட்டு. புளியங்கொட்டை, டிராக்டர், பல்லி. வேறு இரண்டு இருந்தன. அவை இருந்த இடம்கூடத் தெரிந்தது. அவை இல்லை.

அவன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் கண்ணை நேராகப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மேட்டின் ஓரத்தில் நான் மண்டியிட்டுப் பார்க்கும் பார்வை அது.

"மேடம், இது எந்த ஊரு?"

மேசைமேல் இருந்த குறிப்புத்தாளைத் தேடினேன். அவன் முழங்கை அதன்மேல் இருந்தது.

அவன் கையை எடுக்கவில்லை. காத்திருந்தான். வெளியே வண்டிகள் போவது திறக்காத ஜன்னலின் அந்தப் பக்கம் ஊமைப்படம் மாதிரி தெரிந்தது. எந்த ஊர் வண்டி என்று எப்படிச் சொல்வது.

"இன்னைக்கு நீங்க ஆடல மேடம்" என்றான்.

போகும்போது ஐந்து சொற்களையும் குறிப்புத்தாளில் எழுதி வைத்துவிட்டுப் போனான்; மேலே இருப்பவை அதைப் பார்த்து எழுதியவை. பிறகு நரேனைக் கூப்பிட்டேன். என்னால் முடியாது என்று சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் கேட்டார், பொறுமையாகத்தான்: "சரி டாக்டர். ரெஸ்ட் எடுங்க. எப்ப வரைக்கும்னு மட்டும் சொல்லிடுங்க."

"அதை நான் சொல்லக் கூடாது. வேற டாக்டர் பார்த்துச் சொல்லணும்."



டிசம்பர் 14, மார்த்தாண்டம்

நேற்று முழுதும் தூக்கம். நரம்பியல் மருத்துவர் இசக்கிக்கு நான்கு மாதம் ஓய்வு எழுதியிருக்கிறார். முகாமுக்கு எடுத்தவர்களின் பெயர்கள் வந்துவிட்டன. அவன் பெயர் இல்லை. மரியசெல்வம் அனுப்பிய செய்தியில் தெரிந்தது. இசக்கியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவன் என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கக் கூடாது. உயிரோடு கோபமாக இருக்கட்டும்.

நாளை மறுநாள் எனக்கு நாகர்கோவிலில் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். என்ன செய்கிறது என்று கேட்பார். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

புளியங்கொட்டை, டிராக்டர், பல்லி. இன்று காலையிலும் அவ்வளவுதான்.

அறை ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். அப்பா கட்டுப் பிரித்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "எந்திரிக்காண்டாம், கெடந்துக்கோ மக்களே" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். யாரோ வந்திருக்கிறார்கள், உரக்கப் பேசிக்கொண்டே. அம்மா பதிலுக்கு இன்னும் உரக்க. குரல் யாருடையது என்று படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தை.

நான்கு. ஐந்தாவதைத் தேடப் போவதில்லை.